மூன்று பாய்மரம், பன்னிரண்டு பருமல்

குச்சியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளத்தைப் பார்த்தார் முகம்மது சுல்தான். மரத்தின் ரேகை நுனிக்கு நாலு விரற்கடை முன்னால் ஒரு பக்கமாக ஒதுங்கியது. இப்போதைக்கு நேராகத்தான் இருந்தது. இழைத்து மெலிந்த பிறகு அந்த இடத்தில் வளைந்துகொள்ளும். அதைக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"இதுவும் ஆகாதா மச்சான்?" என்றான் சல்மான் ஃபாரிஸ். சுல்தானின் தங்கை ஷம்ஸியாவின் புருஷன். அதே பட்டறையில் கப்பல்களைத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடைக்கும் வேலை அவனுக்கு, சுல்தான்தான் சேர்த்துவிட்டிருந்தார். "கடைக்குப் போற கப்பல்ல இதைவிடக் கோணலை எல்லாம் நட்டுட்டுத்தான இருக்கோம்?"

"அது வாங்குதவன் வீட்டு டிவி மேல உக்காரும். இது பரீட்சைல்லா, மாப்ள."

பேட்டை ரோட்டில் இருந்த அந்தத் தகரக் கொட்டகை சிவசண்முகம் அண்ணாச்சியுடையது. திருச்செந்தூர்க் கோயிலுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகும் மரக்கப்பல்கள் அங்கே தயாராயின. அடிக்கட்டை செதுக்க ஒருவர், பாய் ஒட்ட இரண்டு பெண்கள். பாய்மரமும், அதன் குறுக்கே பாயைத் தாங்குகிற பருமல்களும் பதினோரு வருஷமாகச் சுல்தானின் கைவேலை. கந்தசஷ்டிக்கு உரிய சரக்கு போனதும் கொட்டகையை ஒரு டைல்ஸ் கம்பெனிக்குச் சரக்கு வைக்கும் கிட்டங்கியாக விடப்போவதாக அண்ணாச்சி சொல்லிவிட்டார். "எம் பயலுக்கு இதுல இஷ்டமில்ல சுல்தானே. நான் ஒருத்தன் எத்தன நாளைக்கு இழுக்க?" என்றார்.

அண்ணாச்சி அதைச் சொன்ன வாரம்தான் சல்மான் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டியிருந்தான். அரண்மனைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் ஆளுயர மரக்கப்பல் செய்துகொடுக்கும் ஒரு வளைகுடாப் பட்டறைக்குப் பாய்மர வேலை தெரிந்த ஒரே ஓர் ஆள் தேவை. அவர்கள் தரும் படத்தின்படி மூன்று பாய்மரமும் பன்னிரண்டு பருமலும் செய்து, வண்ணாரப்பேட்டை ஏஜென்சி ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். வயது நாற்பத்தைந்துக்குள்.

"எனக்கு நாப்பத்தேழு ஆயிட்டே," என்றார் சுல்தான்.

"நான் ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுதேன்." மறுநாள் அவனே வந்து சொன்னான். "வேலை தெரிஞ்சாப் போதும்னுட்டாவ மச்சான். நீங்க வேலையப் பாருங்க."

மத்தியானச் சோற்று நேரத்திலும், ஆட்கள் கிளம்பிய பிறகு ஒரு மணி நேரமும் சுல்தான் அந்த வேலையைப் பார்த்தார். பலகையில் வெட்டிய நீளப் பள்ளத்தில் சதுரக் குச்சியைப் படுக்கவைத்து, சின்ன இழைப்புளியால் நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப் பட்டை வரும். பிறகு பட்டையின் விளிம்புகளை எடுக்க எடுக்கக் குச்சி உருண்டையாகும். பாய்மரம் அடியிலிருந்து நுனிக்கு மெலிய வேண்டும். பருமல் நடுவில் தடித்து இரு கையும் மெலிய வேண்டும். நடுப்பகுதியில் மட்டும் எட்டுப் பட்டை அப்படியே நிற்க வேண்டும். பட்டை முடிந்து உருண்டை தொடங்கும் இடம் விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு அந்த இடத்தையே அரை நாள் தேய்த்தார். மேல் பருமல் ஒன்று பொருத்தும்போது ஒடிந்தது. மறுபடி முதலிலிருந்து செய்தார். வலது கட்டைவிரலின் தோல் உரிந்துவிட, பாலிதீன் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார்.

பத்தொன்பது நாளில் முடிந்தது. ஷம்ஸியா பி.காம். படித்தவள். இங்கிலீஷ் பாரத்தைத் தான் நிரப்பித் தருவதாகச் சொல்லி, காக்கா என்று தான் கூப்பிடும் அண்ணனின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். ஐந்து மாதக் கர்ப்பம்; வயிறு லேசாகத் தெரிந்தது. ஒப்படைக்கும் நாளன்று சஷ்டிச் சரக்கு ஏற்ற வேண்டியிருந்ததால் அண்ணாச்சி லீவு தரவில்லை. தண்ணிக் குழாய்த் துண்டுக்குள் பழைய வெள்ளைக் கைலியை விரித்து, பாய்மரங்களையும் பருமல்களையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, சல்மான் கையில் கொடுத்தார் சுல்தான்.

"பஸ்ல மடியில வச்சுக்கோ மாப்ள. மேல தூக்கிப் போட்றாத."

"எம் பிள்ளையக் கொண்டுபோற மாதிரி கொண்டுபோறேன், போதுமா?" என்று சிரித்தான்.

கொட்டகை பூட்டப்பட்டது. சுல்தான் பாளையங்கோட்டையில் ஒரு மரக்கடையில் பிளைவுட் தாள் சுமந்தார். ஐந்து வாரம் போயிற்று. கேட்கும்போதெல்லாம், "பாத்துட்டுச் சொல்லுதோம்னு சொல்லியிருக்காவ," என்றான் சல்மான். பிறகு அவன் வருவது குறைந்தது.

"நீங்களே ஒரு எட்டுப் போய்க் கேட்டா என்ன?" என்றாள் அவர் மனைவி ஆசியா உம்மாள், மடியில் இருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், பீடி இலையைச் சுருட்டியபடி. "உங்க சாமானைப் பத்தி நீங்க கேக்கக் கூடாதா?"

மறுநாள் காலை மேலப்பாளையத்தில் பஸ் ஏறினார். கொக்கிரகுளம் தாண்டிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. வண்ணாரப்பேட்டையில் இறங்கி, ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருந்த ஆபீசைக் கண்டுபிடித்தார். மேஜையில் ருக்சானா என்று பெயர்ப்பலகை வைத்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"கப்பல் பாய்மர வேலைக்குக் குடுத்திருந்தோம்மா. என்ன ஆச்சுன்னு கேக்க வந்தேன்."

"அதுக்கு ஆள் எடுத்தாச்சே. மெடிக்கல் முடிஞ்சு விசாவும் வந்துட்டு. வியாழக்கிழமை கிளம்புதாங்க." அவள் முகம் மலர்ந்தது. "என்ன வேலை தெரியுமா! பாக்கதுக்கு மிஷின்ல செஞ்ச மாதிரி. அந்த நாட்டுக்காரங்க போட்டோவப் பாத்த அன்னைக்கே ஓகேன்னுட்டாங்க."

கம்ப்யூட்டர்த் திரையை அவர் பக்கம் திருப்பினாள். வெள்ளைக் கைலியின் மேல் மூன்று பாய்மரங்களும் பன்னிரண்டு பருமல்களும் வரிசையாக இருந்தன. சுல்தானுக்கு நெஞ்சு நிறைந்தது. "ஆமா, இதுதான்," என்றார்.

"சல்மான் ஃபாரிஸ். உங்களுக்கு வேண்டியவரா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் அடுத்த பக்கத்தைக் காட்டினாள். பாரத்தின் மூலையில் சல்மானின் போட்டோ. அதற்குக் கீழே உருண்டை உருண்டையான எழுத்துகள். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்ன காலத்திலிருந்து அந்த எழுத்தைச் சுல்தானுக்குத் தெரியும். வாப்பா மவுத்தாகி, ஷம்ஸியா அவர் பொறுப்பில் வந்தபோது அவளுக்கு ஏழு வயது.

நான் செய்தது என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இந்தப் பெண் பாரத்தைத் திருப்பி வாசிப்பாள். யார் எழுதியது என்று கேட்பாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம்மா?"

"சாமான் செஞ்சு காட்டுதவங்களுக்கு ஐம்பது வரைக்கும் விட்டிருந்தாங்களே. விசாரிச்சவங்க எல்லாருக்கும் சொன்னோமே. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"எந் தங்கச்சி மாப்பிள்ளை," என்றார் சுல்தான்.

அவர் தங்கை வீட்டுக்குப் போனபோது ஷம்ஸியா கட்டிலில் பெட்டியைத் திறந்துவைத்து, மிளகாய்ப்பொடிப் பொட்டலங்களைச் சட்டைகளுக்கு நடுவே அடுக்கிக்கொண்டிருந்தாள். சல்மான் நாற்காலியில் போனுடன் இருந்தான். அண்ணனைப் பார்த்ததும் அவள் ஒரு பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"வியாழக்கிழமையாமே," என்றார் சுல்தான்.

சல்மான் போனைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஷம்ஸியாதான் பேசினாள். "நாந்தான் பேரை மாத்தி எழுதினேன் காக்கா. அவங்களத் திட்டாதீங்க. உங்களுக்கு வயசு தாண்டிட்டுன்னாங்க. ரெண்டு பேருக்கும் இல்லாமப் போறதுக்கு ஒருத்தருக்காவது கெடைக்கட்டுமேன்னு..."

"யாரு சொன்னா, தாண்டிட்டுன்னு?"

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"ஐம்பது வரைக்கும் உண்டாம். ஆபீஸ்ல இருக்க பிள்ளை சொல்லிச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னாவளாம்."

சல்மான் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் கட்டைவிரல் திரையில் மேலும் கீழும் ஓடியது. ஷம்ஸியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுல்தான் காத்திருந்தார். அவள் இப்போது கத்துவாள், பெட்டியைக் கவிழ்ப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. அவள் பொட்டலத்தைக் குனிந்து பெட்டிக்குள் வைத்தாள். மேலே ஒரு துண்டைப் பரப்பினாள்.

"இனி என்ன செய்ய முடியும் காக்கா," என்றாள். "டிக்கெட்டும் வந்துட்டு."

தன் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு சுல்தான் வெளியே வந்தார். தெருமுனை வரை யாராவது கூப்பிடுவார்கள் என்று மெதுவாகவே நடந்தார்.

சல்மான் போய் மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷம்ஸியா வெயிலில் மூச்சு வாங்க வந்தாள். கையில் போன். ஆசியா உம்மாள் அவளைப் பார்த்துவிட்டு, பீடித்தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"காக்கா, அவங்களுக்கு அங்கன ஒரே கரைச்சலா இருக்கு. பருமல் நடுவுல எட்டுப் பட்டை சமமா வர மாட்டுக்காம். மூணு மாசம் பாத்துட்டு வேலை தெரியலன்னா திருப்பி அனுப்பிருவாங்களாம். ஒரே ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்."

"சொல்லிக் குடுக்கவா மோசம் பண்ணிப் போனான்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க!"

ஷம்ஸியா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. கால்கள் வீங்கி, செருப்பின் வார் பதிந்த இடம் சிவந்திருந்தது. சுல்தான் அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு எழுந்து, கட்டிலடியில் சாக்கில் சுற்றி வைத்திருந்த பலகையையும் இழைப்புளியையும், எட்டுப் பட்டை சீவி மிச்சமிருந்த ஒரு குச்சியையும் எடுத்தார்.

அவள் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து நிறுத்தினாள். திரையில் சல்மான் தெரிந்தான். காலர் வைத்த நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கப்பல், பாய்மரம் இல்லாமல் நின்றது.

"மச்சான், நல்லாருக்கீயளா?"

சுல்தான் இழைப்புளியின் அலகைத் துடைத்தார். குச்சியைப் பள்ளத்தில் வைத்தார். "நடுவுல முதல்ல கோடு போடு. கோட்டைத் தாண்டி இழைப்புளி வரக் கூடாது. வெளிய பாத்துதான் தள்ளணும். பைய." சுருள் ஒன்று மெல்லிசாக எழும்பித் தரையில் விழுந்தது. அந்தப் பக்கமும் இழைப்புளிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு பட்டைக்கும் நிறுத்தி, அவன் செய்து முடிக்கும் வரை காத்திருந்தார். நாலாவது பட்டையில், "இப்ப வந்துட்டு மச்சான், வந்துட்டு!" என்றான் சல்மான்.

அந்த அறைக்குள் யாரோ வந்தார்கள். சல்மான் சட்டென்று போனை மல்லாத்தி வைத்தான். திரையில் வெள்ளைக் கூரையும் ஒரு குழல்விளக்கும் மட்டும் தெரிந்தன. கனத்த குரல் ஒன்று, "அச்சா, சல்மான், பஹுத் அச்சா," என்றது. இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். கை தட்டும் சத்தம் கேட்டது.

"பாராட்டுதாங்க காக்கா," என்று ஷம்ஸியா கிசுகிசுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

இன்னும் நாலு பட்டை பாக்கி இருந்தது. சுல்தான் குச்சியைப் போனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, அந்தக் குழல்விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.