காற்றில் நிற்கும் படி

ஒசாகாவின் நிப்போன்பாஷியில், பழைய வீடியோ கேம் கடை ஒன்றின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பொய்யைச் சீட்டு வாங்கிக் கேட்கப் போனேன்.

பேசுபவர் இனுகாய், ஒரு காலத்தில் எனக்குப் பிரிவுத் தலைவர். பேச்சு, தொண்ணூற்றொன்றில் நாங்கள் செய்த 'தபால் நரி' என்ற கேமைப் பற்றி. பனி மூடிய கூரைகளில் ஒரு நரி தாவித் தாவிக் கடிதம் கொடுக்கும். கடிதத்தைப் படித்துப் புரிந்துகொண்டால்தான் அடுத்த கதவு திறக்கும். அத்தனையும் ஜப்பானிய மொழியில் இருந்தால் வெளிநாட்டுக்காரன் எவன் வாங்குவான்? உள்ளூரிலேயே பாதி விலைக் கூடையில் கிடந்தது. கம்பெனியையும் இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது என்னடாவென்றால் நாற்பது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் கொண்டாடுகிறார்கள்.

அதன் எட்டு ஸ்டேஜையும் கட்டம் போட்ட தாளில் வண்ணப் பென்சிலால் வரைந்தவள் நான். ஆனால் கேமின் முடிவில் ஓடும் பட்டியலில் என் பெயர் இருக்காது. சொந்தப் பெயரைப் போட்டால் போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று எங்கள் தொழிலில் அப்போது ஒரு பயம். எல்லோருக்கும் புனைபெயர்தான். இனுகாய் 'புலிமீசை', நான் 'முள்ளங்கி ஊறுகாய்'. போன மாதம் ஒரு பேட்டியில் அந்த மனிதர், "முள்ளங்கி ஊறுகாயும் நான்தான்" என்று கூசாமல் சொல்லிவிட்டார். வயிறு எரிந்தது. என் பெயரை வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்றுதான் கிளம்பினேன்.

கூட்டத்தை நடத்திய தோயாமா என்ற இளைஞன் மைக்கைப் பிடித்தான்.

"சார், ஆறாவது ஸ்டேஜ்ல, மணிக்கூண்டுக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாத ஒரு படி இருக்கே. விழுற நரி காத்துலயே நின்னுடும். நாங்க அதைக் கருணைப் படின்னு சொல்வோம். எப்படி சார் தோணுச்சு?"

"விழுற குழந்தைங்க அழக்கூடாதுன்னு வெச்சேன்" என்றார் இனுகாய்.

எழுந்துவிட்டேன்.

"கருணையும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. அது நூடுல்ஸ் சாறு! தாள்ல ஒரு சொட்டு விழுந்துச்சு. எங்க கணக்குல பழுப்புன்னா தரை. தூக்கக் கலக்கத்துல நானே அதைத் தரைன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். படம் வரையற ஆளுங்க வேற. அவங்களுக்குத் தெரியாது. அதான் படி இருக்கு, படம் இல்ல."

கூடம் கொல்லென்று சிரித்தது. இனுகாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகம் வெளுத்தாலும் மறுக்கவில்லை.

"கறைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார். "சோதனை பண்ற பசங்க தப்புன்னு எழுதிக் கொண்டுவந்தாங்க. 'தப்பு இல்ல, அப்படித்தான் வெச்சிருக்கோம்'னு நான்தான் முத்திரை குத்தி அனுப்பினேன்."

"எதுக்கு?"

"ஏற்கெனவே ரெண்டு தப்பு உன் பேர்ல இருந்துச்சு. மூணாவதுன்னா மேல இருக்கறவங்க உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கோபம் பாதியில் நின்றுவிட்டது, ஆனால் போய்விடவில்லை.

"வேலையைக் காப்பாத்தினீங்க, சரி. பேரை ஏன் சார் முழுங்கினீங்க?"

"பேட்டி எடுத்த பையன் அந்தப் படியைப் பத்திக் கண் கலங்கிச் சொன்னான். அதைக் கேட்டதும் ஆசை வந்துடுச்சு. வேற காரணம் இல்ல." எழுந்து நின்று, இடுப்பு மடிய வணங்கினார். பிறகு மைக்கை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எட்டு ஸ்டேஜும் வரைஞ்சது கமேதானி சயோகோ."

கமேதானி என் பிறந்த வீட்டுப் பெயர். இருபத்தைந்து வயதில் கல்யாணமாகி, குடும்பப் பதிவேட்டில் கணவரின் ஒகுனோ என்ற குடும்பப் பெயருக்கு மாறியவள் நான். வங்கியில் ஒகுனோ, ஆஸ்பத்திரியில் ஒகுனோ. முப்பது வருஷமாகக் கமேதானி என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

தோயாமா மடிக்கணினியோடு ஓடி வந்தான். "அம்மா, இந்தக் கேம் பத்தின எங்க இணையப் பக்கத்துல இப்பவே திருத்திடறேன். உங்க இப்போதைய பேர் என்ன?"

"ஒகுனோ."

அவன் விரல் விசைக்குப் போனது. சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதைப் போடாதப்பா. ஒகுனோவுக்கு ஒரு குறையும் இல்ல, நல்லாத்தான் வாழ்ந்தா. ஆனா நரியைக் கூரை மேல ஓடவிட்டது அவ இல்ல. கமேதானின்னு போடு."

போட்டான். திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. நாற்பது பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. அந்தக் கூரைகளை வரைந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது.