வேதியியல் அறையின் குப்பை

ஹமாசே துறைமுகத்து மாலைநேர உயர்நிலைப் பள்ளியில், மாணவருக்குப் புரியாத சொற்கள் தரையில் விழும். உளுந்து அளவு, கருப்பு நிறம், கொஞ்சம் கனம். கணக்கு வகுப்பில் விழுபவை பொடியாக இருக்கும். வரலாற்றில் விழுபவை ஊறுகாய்ப் பிளம்மின் கொட்டை அளவுக்குக்கூட வரும். எரியும் குப்பையா, எரியாத குப்பையா என்று நகராட்சி ஒரு கோடைகாலம் முழுக்க யோசித்து, எரியாதது என்று முடிவு செய்தது. வியாழக்கிழமை லாரி வந்து எடுத்துப் போகும். லாரிக்காரருக்கு இது தெரியும், மாணவர்களுக்கும் தெரியும். ஆசிரியர்களுக்குத்தான் தெரியாது, ஒருவரைத் தவிர. வகுப்பறையைப் பெருக்குவது மாணவர்களின் வேலை. ஆசிரியர் தேநீர் குடிக்கப் போன கையோடு அவர்கள் துடைப்பத்தை எடுத்துவிடுவார்கள். சொன்னது வீணாயிற்று என்று அவருக்குத் தெரிந்தால் அவர் முகம் வாடும் அல்லவா, அதற்காகத்தான்.

வேதியியல் ஆசிரியர் குவாபாராவின் கரும்பலகையைப் பார்க்க வேறு பள்ளிகளிலிருந்து ஆட்கள் வந்ததுண்டு. அவ்வளவு அழகான எழுத்து. வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி அவர் முதுகுதான் மாணவர்களுக்குத் தெரியும். முடிவில் திரும்பி, "புரிஞ்சுதா?" என்பார். பிலிப்பைன்ஸ், பிரேசில், நேபாளம் என்று பல ஊர்ப் பிள்ளைகளும் ஒரே குரலில், "புரிஞ்சுது, சென்செய்" என்பார்கள்; ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். பகலெல்லாம் உணவுப் பொட்டலத் தொழிற்சாலையிலும் படகுப் பட்டறையிலும் நின்ற கால்களோடு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அந்த ஊர் மொழி கற்றுக்கொடுப்பது மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை வைத்திருந்த மினெகிஷி அம்மையாரின் பொறுப்பு என்று குவாபாரா நினைத்திருந்தார். அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் வேதியியல் அறையைப் பெருக்கும் முறை ஜோவெலினுடையது. பிலிப்பைன்ஸின் தாவாவோவிலிருந்து அம்மாவுடன் வந்த பெண். போன வருடம் வேதியியலில் தோற்றவள். இந்த முறையும் தோற்றால் படிப்பை விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். தொழிற்சாலையில் முழுநேர வேலை தயாராக இருந்தது. இடைத்தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அடுத்தவர் முறையில் கை வைப்பது அந்தப் பள்ளியில் வழக்கமில்லை. ஆகவே யாரும் பெருக்கவில்லை. ஒரு வாரத்தில் சொற்கள் மேசைக்கால்களைப் பாதி மூடிவிட்டன. அறைக்குள் வந்த குவாபாரா வழுக்கி, குவியலின் மேலேயே உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்தார். உள்ளே அவர் குரல் கேட்டது.

சத்தம் கேட்டு மினெகிஷி ஓடி வந்தார். ஆசிரியர்களில் அவரிடம் மட்டும்தான் பிள்ளைகள் குப்பையைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள்.

"இதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட் இல்லையா?" என்றார் குவாபாரா, எழுந்திருக்காமலே.

"என் ரூம் தரைய வந்து பாருங்க. நக்கிச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். அங்க நான் பேசுறது பஸ் ஸ்டாப்பும் மழையும். கொட்டுறதெல்லாம் உங்க ரூம்லதான்."

"என் ரூம்ல மட்டுமா?"

"உடற்பயிற்சிக் கூடத்துல போய்ப் பாருங்க."

இருவரும் அங்கே போனபோது உடற்பயிற்சி ஆசிரியர் த்சுகுதா சிரித்தார். "நான் பேசுறதே இல்லையே! விசில் ஊதுறேன். விசில் கூடவா விழும்?" விழுந்திருந்தது. தாண்டிக் குதிக்கும் பெட்டிக்கு அடியில், பட்டாணி போல, நிறைய. அதன்பின் சில நாட்கள் அவர் ஊதவேயில்லை.

குவாபாராவும் மினெகிஷியும் வேதியியல் அறைக்குத் திரும்பி, உட்கார்ந்து பொறுக்கினார்கள். அமிலம், உப்பு, கரைசல் எதுவும் குவியலில் இல்லை. தொழிற்சாலையில் தொட்டி கழுவுகிற பிள்ளைகளுக்கு அவை பழகியவை. விழுந்து கிடந்தவை 'முறையே', 'தலா', 'எனக் கொண்டால்', 'இதிலிருந்து பெறப்படுவது'. எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லாததால் யாரும் கற்றுக்கொடுக்காத சொற்கள். குவாபாரா அவற்றில் ஒரு கைப்பிடி கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, பணி மாறும் வேளையில் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார்.

ஜோவெலின் வெள்ளைத் தொப்பியோடு வெளியே வந்தாள். அவர் கையை நீட்டியதும் பதறிவிட்டாள். "ஐயோ, சென்செய், அது குப்பை!"

"என் குப்பைதான். இத்தன நாளா நீ ஏன் வாரிக் கொட்டுன? ஒரு வார்த்தை புரியலன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா திரும்ப முதல்லேர்ந்து சொல்வீங்க. அதே மாதிரி, இன்னும் சத்தமா." பக்கத்தில் நின்ற தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, சென்செய்."

அவர் கையில் இருந்ததைக் கோட்டுப் பைக்குள் திரும்பப் போட்டார். பிறகு, "திங்கக்கிழமை வா. புரிஞ்சுதான்னு நான் கேக்க மாட்டேன்," என்றார்.

"வேற என்ன கேப்பீங்க?"

"நீயே சொல்லிக் காட்டுன்னு கேப்பேன்."

"அது இன்னும் மோசமாச்சே!" என்றாள். ஆனாலும் வந்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் வழக்கம் மாறியது. ஆசிரியர் தரையைப் பார்க்காமல் யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது. விழுந்ததை எடுத்து மேசைமேல் வைத்து, மறுநாள் பாடம் அதிலிருந்து தொடங்கும். குவாபாரா முகம் காட்டி நின்று பேசக் கற்றுக்கொண்டார். அவர் கரும்பலகை எழுத்து கெட்டுப்போனது. பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள். சமையல் வகுப்பில் 'மிதமான தீ' எது என்று அடுப்பருகே நின்று கையைக் காட்டிப் பழகினார்கள். கணக்கு ஆசிரியர் 'தலா' என்பதற்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து பங்கிட்டார், அதற்கு வகுப்பில் கூட்டம் சேர்ந்தது. மினெகிஷிக்கு எல்லா அறைகளுக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. தானே எல்லாம் செய்ததாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை, ஆனால் அவர் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. லாரி மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றாயிற்று. ஆண்டிறுதியில் ஜோவெலின் வேதியியலில் தேறினாள். பெரிய மதிப்பெண் ஒன்றுமில்லை, தேறினாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மார்ச்சில் பட்டமளிப்பு. உடற்பயிற்சிக் கூடத்தில் ஜோவெலின் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டு தங்கள் ஊர் விசாயா மொழியில் ஏதோ பேசினாள், அம்மாவும் பேசினாள். அருகே கருப்புக் கோட்டில் நின்றிருந்த குவாபாராவின் காலடியில் சடசடவென்று சொற்கள் விழுந்தன. த்சுகுதா குப்பையென்று துடைப்பத்தோடு வந்தார்.

"இருங்க, இருங்க, அது என்னோடது," என்று குவாபாரா குனிந்து பொறுக்கினார். ஒன்றை ஜோவெலினிடம் நீட்டினார். "இது என்ன?"

அவள் காதருகே வைத்துக் கேட்டாள். "நீங்க சாப்பிட்டீங்களான்னு அம்மா கேட்டாங்க, சென்செய்."

"இன்னும் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அவள் சொன்னாள். அவர் சொல்லிக் காட்டினார். மீதியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அவர்களோடு சாப்பிடப் போனார்.