பகல் தூக்கம்

கரண்டி டிராயரை அப்படியே உருவி எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். கலகலவென்று கொட்டிய சத்தத்தில் அவளே ஒரு கணம் பயந்துபோனாள். மூன்று நாளாக அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதில்லை.

அதே கூடத்தில், பத்தடி தள்ளிக் கட்டிலில் அப்பா கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி திரும்பி முறைத்தான்.

"உனக்கு மூளை இருக்கா? அவர் மூச்சு விட முடியாம கிடக்கறார். இப்பப் போய் கரண்டி கழுவறியா?"

"கழுவல. அடுக்கறேன்."

"ரொம்ப முக்கியம்!"

முக்கியமில்லைதான். காலையில் வந்த நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, "கூடவே இருங்க, இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்" என்று சொல்லிப் போயிருந்தார். அதன் பிறகு நான்கு முறை கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். அப்பாவின் விரல்கள் போர்வையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான்கு முறையும் எழுந்து வந்துவிட்டாள். அவர் பிழைக்கமாட்டார் என்பது தெரிந்ததுதான். தவிக்காமல் போகவேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டியது. அதுகூடக் கிடைக்காது போலிருந்தது.

சிலருக்குத் துக்கம் வந்தால் கண் கலங்கும். அவளுக்குக் கை பரபரக்கும். நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன அன்று வீட்டுத் திரைச்சீலைகள் அத்தனையையும் கழற்றித் துவைத்தவள். அம்மா போன மறுநாள் அடுப்படியில் ஒரு டப்பா விடாமல் துடைத்தாள். தம்பி அவளுக்கு வைத்த பட்டப்பெயர் முனிசிபாலிட்டி. முனிசிபாலிட்டிக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு என்று வேறு சொல்லுவான்.

பெரிய கரண்டி ஒரு பக்கம், டீ ஸ்பூன் ஒரு பக்கம், முள்கரண்டி ஒரு பக்கம். ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துத் தகரத் தட்டில் போடப் போட, நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்தது கொஞ்சம் அடங்கியது. அப்பா சாகப்போகிறார் என்பதை அந்த மேசையருகே நின்று நினைத்துப் பார்க்க முடிந்தது. கட்டிலருகே முடியவில்லை.

"அக்கா."

தம்பியின் குரலில் இப்போது கோபமில்லை.

"இங்க வந்து பாரேன்."

போர்வையைப் பிறாண்டிய விரல்கள் ஓய்ந்திருந்தன. நெற்றிச் சுளிப்பு விட்டிருந்தது. மூச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது, ஆனாலும் போராட்டம் இல்லை. அவள் கையில் துணியோடு பார்த்தபடியே நின்றாள். வீடு மறுபடி நிசப்தமானது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அப்பாவின் விரல்கள் மறுபடி போர்வையைத் தேட ஆரம்பித்தன.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

அப்பா முப்பத்தோரு வருடம் செய்தித்தாள் அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்த்தவர். விடிந்து வீடு திரும்பி, மற்றவர்கள் நடமாடும் நேரத்தில் தூங்கியவர். அம்மா பாத்திரம் உருட்டுவாள், அலமாரியை அடித்துச் சாத்துவாள், துணியை உதறுவாள். அவர் பாட்டுக்குக் குறட்டை விடுவார். அம்மா அக்கடா என்று உட்கார்ந்தால் போதும், "என்ன ஆச்சு? எல்லாரும் எங்க?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்த மனிதரைத்தான் மூன்று நாளாக டிவியை அணைத்து, கதவிடுக்கில் துணியைச் செருகி, பூனை மாதிரி நடந்து பாடாய்ப் படுத்தியிருந்தார்கள்.

"நமக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து அரைப் புத்திகூட இல்ல," என்றான் தம்பி.

"சரி, நீ அவர் கையைப் பிடிச்சுக்கோ. நான் வேலையப் பார்க்கறேன்."

மதியம் முழுவதும் பார்த்தாள். டப்பாக்களை இறக்கி மூடிகளைத் தேடிப் பொருத்தினாள். துவைத்து மடித்திருந்த துண்டுகளைப் பிரித்து, படபடவென்று உதறி, திரும்ப மடித்தாள். பயந்து பயந்து அல்ல, அம்மா செய்கிற மாதிரி, வீடு தன்னுடையது என்ற அதிகாரத்தோடு செய்தாள். ஒவ்வொரு வேலை முடிகிறபோதும் மனசு ஒரு படி இறங்கி உட்கார்ந்தது. அப்பா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அல்லது தூங்கிக்கொண்டிருந்தார். தம்பி அவர் காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான்.

மூன்றரை மணிக்கு அடுக்குவதற்கு வீட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அவள் இடுப்பில் கைவைத்துத் திருதிருவென்று விழித்தாள். தம்பி எழுந்து வந்தான். அவள் அழகாய் அடுக்கிவைத்த கரண்டி டிராயரை உருவி, நன்றாக ஒரு குலுக்குக் குலுக்கி, மேசைமேல் கொட்டினான்.

"இந்தா, முனிசிபாலிட்டி. ஓவர்டைம் பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மேல் அவ்வளவு பிரியமும் வந்தது.

அவன் கட்டிலருகே திரும்பினான். மறுபடி பெரிய கரண்டி, முள்கரண்டி. கட்டில் பக்கமிருந்து வந்த மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் நிமிரவில்லை. பிறகு தம்பியின் பேச்சும் நின்றது.

"அக்கா."

அவள் ஒரு கரண்டியைத் துடைத்துத் தட்டில் போட்டாள்.

"அக்கா, போதும். நிறுத்து."

"நிறுத்தினா முழிச்சுக்குவார்டா."

அவள் இன்னும் இரண்டைத் துடைத்தாள். மூன்றாவதை எடுத்தவள், துடைக்காமலே மேசைமேல் வைத்தாள். போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இருவரும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.