எட்டு ஆமாம்

இலவச வக்கீல் அலுவலகத்துக்குத் துணையாக எல்விரா என்னைத்தான் கூப்பிட்டார். மொழிபெயர்க்க ஸ்பானிஷ் தெரிந்த ஆள் அங்கேயே இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். “எனக்கு என் கொமாத்ரே மாரிக்ரூஸ் இருக்கா” என்று இவர் மறுத்துவிட்டார். என் மகனுக்கு அவர் ஞானத்தாய். பெற்றவளும் ஞானத்தாயும் எங்கள் ஜனங்களிடையே ஒருவருக்கொருவர் கொமாத்ரே. கூடப்பிறந்த உறவைவிட ஒரு படி மேல். வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாரே என்ற பயத்தில்தான் போனேன். பாசத்தில் போனேன் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டு வருஷம் முன்னால் நான் ரோலான்டோவிடம் வேலை பார்த்தேன். ஃபோன்டானா நகரில் தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டி விற்போம். ஏசி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கூரைக்கு வெயில் தாங்கும் பூச்சு. கையிலிருந்து ஒரு டாலர் தர வேண்டாம், செலவை ஒரு கம்பெனி கடனாகத் தரும், தவணை வீட்டு வரியோடு சேர்ந்து இருபது வருஷத்துக்கு வரும் என்போம். அதில் பொய் இல்லை. வரியைக் கட்டாவிட்டால் வீடு போய்விடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டோம்.

எல்விரா வீட்டுக்கு அவனைக் கூட்டிப்போனதே நான்தான். ஆகஸ்ட் மாதம். அவருடைய பழைய குளிரூட்டி புழுக்கத்தைத்தான் ஊதிக்கொண்டிருந்தது. எங்களுக்காக அடுப்பில் சோளமும் கறியும் போட்ட பொசோலே சூப் கொதித்தது. ரோலான்டோ நீட்டிய டேப்லட்டில் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டு, “பேக்கரி கண்ணாடியில கை வெச்சுத் திட்டு வாங்கற மாதிரி இருக்கு” என்று சிரித்தார். அவருக்கு ஈமெயில் கிடையாது. அங்கேயே உட்கார்ந்து நானே ஒன்று உண்டாக்கினேன். ஒப்பந்தம் மொத்தமும் அதற்குத்தான் போனது, ஆங்கிலத்தில்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. கடன் கொடுக்கும் கம்பெனி வீட்டுக்காரரிடமே பேசி, எல்லாம் புரிந்ததா என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ஸ்பானிஷில் கேட்கிறவர் மறுநாள்தான் வருவார்.

“நாளைக்குன்னா கிழவி மனசு மாறிடும். நீயே பேசிடு, மாரிக்ரூஸ்” என்றான் ரோலான்டோ.

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். எல்விரா பேசுவதாகச் சொன்னேன். என் குரலில் இல்லை, அவர் குரலில். அவருக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையை அவர் மெல்லுகிற மாதிரியே மென்றேன். கிடங்கில் இருபத்தைந்து வருஷம் பெட்டி கட்டித் தூசியில் வாங்கிவந்த இருமல் ஒன்று அவருக்கு உண்டு. அதையும் இருமினேன். பின்னாலேயே வந்த ரோலான்டோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நான் இன்னும் நன்றாக இருமினேன். அந்த நேரத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லிப் பிரயோசனமில்லை.

எட்டுக் கேள்வி. எட்டு ஆமாம். வந்த கமிஷனில் அவருடைய ஞானமகனுக்கே ஷூ வாங்கினேன்.

வருஷத்துக்கு ஆயிரத்து நானூறு டாலராக இருந்த வீட்டு வரி ஐயாயிரத்து இருநூறு ஆனது. முதல் தவணையை நகையை விற்றுக் கட்டினார். அடுத்ததற்கு விற்க ஒன்றும் இல்லை. ஏல நோட்டீஸ் வந்தது. அதைப் படித்துச் சொல்லவும் என்னிடம்தான் கொண்டுவந்தார். படித்துச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

வக்கீல் துயென் சின்னப் பெண். மேசையில் கணினியைத் திருப்பி வைத்தாள்.

“அந்த போன் பதிவு கிடைச்சிடுச்சு” என்றாள். “குரல் இவங்களோடது இல்லன்னா ஒப்பந்தத்தை உடைச்சிடலாம், வீடு தப்பிக்கும். இவங்களோடதுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

அந்தப் பதிவு ஒருநாளும் வெளியே வராது என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் எல்விராவுக்கு மொழிபெயர்த்தேன்.

பதிவு ஓடியது. முதல் கேள்விக்கு எல்விரா காதைக் கொடுத்துக் குனிந்தார். இரண்டாவதில் முகம் சுருங்கியது. மூன்றாவதில் அந்த இருமல் வந்தது. அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதிவின் பின்னணியில் ரோலான்டோவின் சிரிப்புகூடக் கேட்டது.

“இது இவங்க குரலான்னு கேளுங்க” என்றாள் வக்கீல்.

“கொமாத்ரே, இது உங்க குரலான்னு கேக்கறாங்க.”

எல்விரா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: “நான் இப்படியாடி பேசறேன்?”

நான் கணினித் திரையையே பார்த்தேன்.

“கேக்கறேன்ல? என் இருமல் இவ்ளோ அசிங்கமாவா இருக்கு?”

“இல்ல, கொமாத்ரே.”

“என்ன சொல்றாங்க?” என்றாள் வக்கீல்.

“யோசிக்கறாங்க” என்று புளுகினேன்.

“நீ செஞ்சதுக்கு உள்ள தள்ளுவாங்களா?” என்றார் எல்விரா.

“தெரியல.”

“பையன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு.” கைப்பையின் வாரை முறுக்கினார். “என் குரல்தான்னு சொல்லு.”

“வீடு போயிடும், கொமாத்ரே.”

“எது போகும்னு எனக்குத் தெரியும். நீ சொல்லு.”

நான் சொல்லியிருப்பேன். உண்மையாகவே சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவர் என்னைக் காப்பாற்றுகிற அந்தக் கணத்திலும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். அது தாங்கவில்லை.

“தன்னோட குரல்னு சொல்லச் சொல்றாங்க” என்றேன் வக்கீலிடம். “இல்ல. அது என் குரல்.”

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தாள். “சொந்தக்காரங்க அன்பால இப்படிச் சொல்றது வழக்கம். நான் எப்படி நம்பறது?”

நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. எல்விராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எட்டாவது பதிலை அதே குரலில் சொன்னேன். அந்த மென்ற ஆங்கிலத்தில். இருமலோடு. ஆங்கிலம் தெரியாதவருக்கும் அது புரிந்தது. வக்கீலின் முகம் சிவந்தது. எனக்காக அவளும் கூசிப்போனாள் என்று நினைக்கிறேன்.

“இனிமே நீங்க மொழிபெயர்க்கக் கூடாது. உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீலைப் பாத்துக்குங்க” என்றாள். பக்கத்து அறையிலிருந்து ஸ்பானிஷ் பேசும் ஆளைக் கூப்பிட்டாள். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் நாற்காலியை இழுத்து எல்விராவின் அருகில் உட்கார்ந்தார்.

எல்விரா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவரிடம் மெதுவாகச் சொன்னார்: “அந்தம்மாவை வெளியில இருக்கச் சொல்லுங்க.”

பெரியவர் அதை ஆங்கிலத்தில் வக்கீலிடம் சொன்னார். வக்கீல் என்னிடம் சொன்னாள். இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டு எழுந்து போனேன்.