வாசலுக்குப் போன எழுத்துகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ‘அ’ கரும்பலகையை விட்டு இறங்கி, வகுப்பின் குறுக்கே நடந்து, வெளியே போனது. பின்னாலேயே ‘ஆ’ போனது. சாக்கடை அள்ளுபவரின் மகள் மற்ற ஜாதிப் பிள்ளைகளோடு உட்காரக் கூடாது என்று பள்ளிக் கமிட்டி அன்றுதான் அவளை வாசலில் சாக்கு விரித்து உட்கார வைத்திருந்தது. எழுத்துகள் வரிசையாக அவள் சிலேட்டில் ஏறிக்கொண்டன. எட்டு வயது. படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

பள்ளியைத் தொடங்கியவர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்ப்பவர். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தவர். ஏன் என்று கேட்டவர்களிடம், “எழுத்தை அறை அறையா பிரிச்சுப் போட்டா அது வெறும் ஈயம்ங்க. பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் அது ஒரு சொல்லு” என்பார். அவருக்குக் கண் மங்கியதும் கமிட்டி புகுந்துகொண்டது.

கமிட்டி முதலில் சாக்பீஸைத்தான் சந்தேகித்தது. இரண்டு பெட்டி புதிதாக வந்தது. பிறகு தச்சரை அழைத்து வாசலின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு மரப்பலகை அடித்தார்கள். எழுத்துகள் அதன் அடியில் நுழைந்து போயின. வியாழனன்று பாடப்புத்தகங்கள் வெளுத்தன. வெள்ளியன்று மருந்துக்கடைக்காரர் லேபிள் வெளுத்த புட்டிகளை முகர்ந்து முகர்ந்து விற்றார். கமிட்டித் தலைவர் வீட்டுப் பெயர்ப்பலகையில் முதலில் கிளம்பியது பெயரின் வாலில் இருந்த ஜாதிப் பட்டம்தான்.

பயந்துபோன அப்பா மகளை அழைத்துப் போக வந்தார். “வேணாம் கண்ணு, நமக்கெதுக்கு வம்பு. வா, வீட்டுக்குப் போலாம்.”

“நானும் வந்துட்டா இதுங்க எங்கப்பா போகும்?”

பக்கத்தில் நின்ற கமிட்டித் தலைவர் வாசலில் அடித்த பலகையைப் பிடுங்கி எறிந்தார். “உள்ள போம்மா” என்றார். அவள் சாக்கை மடித்து வைத்துவிட்டுப் போய் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். ஊரில் உள்ள அத்தனை எழுத்தும் கால் மண்ணோடு அவள் பின்னால் வந்து பலகையில் ஏறியது. வாத்தியார் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். கண் மங்கிய பெரியவருக்கும் அன்று பலகை தெரிந்ததாம்.

புத்தகங்களுக்கும் புட்டிகளுக்கும் எழுத்து திரும்பியது; தலைவர் வீட்டுப் பெயர்ப்பலகைக்கு மட்டும் வால் திரும்பவில்லை. மூன்று முறை பெயிண்ட் அடித்தும் ஒட்டவில்லை. அங்கே என்ன இருந்தது என்று அவருடைய பேரன்களுக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பெண்தான் தலைமை ஆசிரியை. சில நாள் மணி அடித்த பிறகும் பலகையில் எழுத்து விழாது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சாக்பீஸை உதறிப் பார்ப்பார்கள். அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: “யாரோ வெளிய நிக்கறாங்க. போய்க் கூட்டிட்டு வாங்க.”