நேரில் வந்தால் சொல்கிறேன்

இசைவாணி பாஸ்வேர்டை மாற்றியதே பயத்தில்தான். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் கும்பகோணத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு போலீஸ் அம்மா வந்து, போன் வழியாக எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று விலாவாரியாகப் பேசினார். பிள்ளை பெயர், பிறந்த வருஷம் இதையெல்லாம் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள், யாராலும் ஊகிக்க முடியாததாக வையுங்கள் என்றார். இசைவாணி வைத்திருந்தது மகள் குந்தவையின் பெயரும் அவள் பிறந்த வருஷமும்தான். கூட்டம் முடிவதற்குள் அங்கேயே உட்கார்ந்து மாற்றிவிட்டாள். யாராலும் ஊகிக்க முடியாதபடிதான் வைத்தாள். அந்த யாராலும் என்பதில் தானும் சேர்த்தி என்று அப்போது தெரியவில்லை.

சில நாள் கழித்து ஸ்கூட்டியை நிறுத்தும்போது கைப்பையிலிருந்து போன் சரிந்து வாய்க்காலில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்து, கடைசியில் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனாள். கடைக்காரர் அதைத் திரும்பக் கொடுக்கும்போது, "உயிர் வந்துருச்சுக்கா. ஆனா உள்ள இருந்தத எல்லாம் அழிச்சாதான் வந்துச்சு. உங்க அக்கவுண்ட்ட போட்டீங்கன்னா எல்லாம் திரும்ப வந்துரும்" என்றார்.

அக்கவுண்ட்டைப் போடத்தான் பாஸ்வேர்டு வேண்டியிருந்தது.

மற்றவர்களாக இருந்தால் போனால் போகிறது என்று புதிதாக ஒன்று தொடங்கியிருப்பார்கள். இசைவாணியால் முடியாது. அந்த அக்கவுண்ட்டுக்குள் அவள் புருஷன் பரிதியின் குரல் இருந்தது.

பரிதி சொந்தமாக அறுவடை மிஷின் வைத்து ஓட்டுகிறவன். திருப்பனந்தாள் சுற்றுவட்டாரத்தில் அவன் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. ஒரு வரப்பில் நின்று கூப்பிட்டால் நாலு வயல் தள்ளி நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அந்தத் தொண்டையில்தான் போன வருஷம் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும், அப்புறம் பேச்சு வராது என்று தஞ்சாவூர் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆபரேஷனுக்கு முன்னாடி ஏதாவது பேசிப் பதிஞ்சு வச்சுக்குங்க. பின்னாடி கேக்கறதுக்கு ஆகும்" என்றார்.

அப்போது பரிதியிடம் பட்டன் போன்தான். அதனால் இசைவாணியின் போனில் பேசினான். முதலில் வெட்கப்பட்டான். அப்புறம் நிறுத்தவே இல்லை. குந்தவையைக் கூப்பிட்டான், கொஞ்சினான், கணக்குப் பாடத்துக்காகத் திட்டினான். அவள் பெரிய பிள்ளையானதும் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லி வைத்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் மூச்சு விடுகிற துளையை மெல்லிய துணியால் மூடிக்கொண்டு, யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவான். சொல்ல வேண்டியதைப் புதிதாக வாங்கிய டச் போனில் தட்டிக் காட்டுவான். அந்தப் பதிவுகளை அவன் போனுக்கும் மாற்றி வைக்க வேண்டும் என்று இசைவாணி நினைத்துக்கொண்டேதான் இருந்தாள். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போனது.

இப்போது அவள் தெரிந்த வார்த்தையை எல்லாம் போட்டுப் பார்த்தாள். அங்கன்வாடிப் பிள்ளைகள் பெயர், குலதெய்வத்தின் பெயர், கூட்டம் நடந்த மண்டபத்தின் பெயர். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரம். தவறு, தவறு என்றே வந்தது. கடைசியில், பலமுறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று கதவைச் சாத்தியது. மனுஷர் யாரிடமாவது பேசலாம் என்று தேடினால் அப்படி ஓர் எண்ணே அகப்படவில்லை. இணையத்தில் கிடைத்த ஒன்றில் எடுத்துப் பேசியவன் எடுத்த எடுப்பிலேயே வங்கி அட்டை எண்ணைக் கேட்டான். பக்கத்திலிருந்த பரிதி போனைப் பிடுங்கி அணைத்தான்.

பிறகு தட்டிக் காட்டினான்: 'விடு வாணி. நான் உசிரோடதானே இருக்கேன்.'

"உங்களுக்கு வேணாம்னா இருங்க" என்றாள் இசைவாணி. "அது எனக்கும் குந்தவைக்கும் உள்ளது." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவன் அந்தப் பதிவுகளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் போட்டால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவான்.

மறுபடி முயன்றபோது ஒரு வழி தெரிந்தது. முன்பு கொடுத்திருந்த கைபேசி எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பலாம் என்றது. கடைசி இரண்டு எண்களைப் பார்த்ததும் மனசு துள்ளி, உடனே உட்கார்ந்துவிட்டது. அவளுடைய பழைய எண். ஊரில் டவர் எடுக்கவில்லை என்று எப்போதோ விட்டுவிட்ட எண்.

பரிதியின் போனிலிருந்து அந்த எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார்.

"அக்கா, இது முன்னாடி என் நம்பரா இருந்துச்சு. இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வரும். அத மட்டும் கொஞ்சம் சொல்ல முடியுமா?"

தொடர்பு துண்டிக்கப்பட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. இசைவாணிக்குக் கோபம்கூட வரவில்லை. கூட்டத்தில் அந்த போலீஸ் அம்மா சொன்னது இதைத்தான். தன்னிடம் யாராவது கேட்டிருந்தால் அவளும் இதைத்தான் செய்திருப்பாள்.

மறுநாள் அங்கன்வாடி ஆயாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். இந்த முறை ஓடிபி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. பெயர், ஊர், வேலை, புருஷனுக்கு நடந்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சத்தம் நின்றது.

"நல்லா கதை சொல்றீங்கம்மா. எங்க தெருவுல ஒருத்திகிட்ட இப்படித்தான் புள்ளைக்கு ஆபரேஷன்னு சொல்லி எல்லாத்தையும் தொடச்சு எடுத்துட்டுப் போனான் ஒருத்தன்" என்றார் அந்தப் பெண். "நெசம்னா நேர்ல வாங்க. வேதாரண்யம் தோப்புத்துறையில மெஹராஜ் பேகம் தையல் கடைன்னு கேட்டா காட்டுவாங்க. வந்தா சொல்றேன்."

வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அவர் சொன்னார். இசைவாணி சனிக்கிழமை காலையில் குந்தவையை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். பரிதியும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

கும்பகோணத்தில் ஒரு பஸ், மன்னார்குடியில் ஒரு பஸ், திருத்துறைப்பூண்டியில் இன்னொன்று. குறுவை அறுப்புக் காலம். ரோட்டில் பாதியை நெல் அடைத்துக் கிடந்தது. டிரைவர்கள் அதை ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார்கள். பரிதி ஜன்னல் வழியாக ஒவ்வொரு வயல் மிஷினையும் எடை போட்டுக்கொண்டே வந்தான். இசைவாணி எதையும் பார்க்கவில்லை. அந்த அம்மா கடையைப் பூட்டிக்கொண்டு எங்காவது போயிருந்தால் என்ன செய்வது என்பதே அவள் நினைப்பாக இருந்தது.

கடை திறந்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். ரவிக்கைத் துணியோடு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

"மெஹராஜ் அக்காவா? நான் திருப்பனந்தாள் இசைவாணி. போன்ல பேசினேன்ல."

மெஹராஜ் பேகத்தின் கை நின்றுவிட்டது. அவளைப் பார்த்தார். பரிதியைப் பார்த்தார். அவன் கழுத்துத் துணியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நெசமாவே வந்துட்டீங்களா" என்றார் மெதுவாக. "அல்லாவே, அவ்ளோ தூரத்துலேந்து. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தங்கச்சி. உள்ள வாங்க. அண்ணனுக்கு நாற்காலி போடு" என்று காத்திருந்த பெண்களில் ஒருத்தியை ஏவினார்.

தண்ணீர் குடித்த கையோடு இசைவாணி போனை எடுத்தாள். குறியீடு அனுப்பு என்பதை அழுத்தினாள். மெஹராஜ் பேகம் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. காத்திருந்த பெண்களும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் வந்தும் இல்லையா என்று இசைவாணி இன்னொரு தடவை அழுத்தினாள்.

"இங்க உள்ள சில நேரம் டவர் எடுக்காது. இருங்க" என்று மெஹராஜ் பேகம் வாசலுக்குப் போய், தெருவில் இறங்கி, போனை உயர்த்திப் பிடித்தபடி எதிர் வீட்டு மதில் வரை நடந்தார். அங்கிருந்து சத்தமாக எண்களைப் படித்தார். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்ததையும் சேர்த்துப் படித்தார்.

இசைவாணி எண்களைப் போட்டாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்று, புதிய பாஸ்வேர்டு வையுங்கள் என்றது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது போலிருந்தது. பரிதி அவள் தோளில் கை வைத்தான்.

பாஸ்வேர்டு வைக்கும்போது பரிதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வைத்தாள். பழைய எண்ணை எடுத்துவிட்டு அவன் எண்ணைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அப்புறம் ஒலிப்பதிவுகள். ஏதோ ஒன்றைத் தொட்டாள்.

"டேய் மருதையா, மிஷின வரப்புல ஏத்தாதடா. கண்ணு பொடனியிலயா இருக்கு ஒனக்கு?"

கடையே அதிர்ந்தது. ஒரு பெண் கையிலிருந்த துணியை நழுவ விட்டாள். மருதையன் பரிதியிடம் வேலை பார்க்கிற டிரைவர். அவனைத் திட்டுவதற்கும் குரல் வேண்டியிருக்கும் என்று பதிந்து வைத்திருக்கிறான் போலிருக்கிறது.

"யா அல்லா. இது அண்ணன் கொரலா?" என்றார் மெஹராஜ் பேகம்.

பரிதி ஆமாம் என்று தலையாட்டினான். இசைவாணி அவன் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வெளியே போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை. தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணில் நீர் வர. பிறகு விரலைக் காட்டி, இன்னொரு தடவை போடு என்றான்.

மெஹராஜ் பேகம் அவர்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. தேங்காய்ச் சோறும் மீன் குழம்பும். பரிதி சோற்றைக் குழையப் பிசைந்துதான் சாப்பிட வேண்டும் என்று இசைவாணி சொல்வதற்குள் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டு, முள்ளெடுத்த மீனைத் தனியாக வைத்தார். கிளம்பும்போது, "உங்கள திருடின்னு நெனச்சுட்டேன் தங்கச்சி" என்றார்.

"நெனச்சதுதான் சரி அக்கா. யாரு கேட்டாலும் சொல்லாதீங்க."

திரும்பும் வழியில் மன்னார்குடி தாண்டி வானம் கறுத்தது. ரோட்டோரம் நெல் காயப்போட்டிருந்தவர்கள் படுதாவோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். வழியில்லாமல் பஸ் நின்றது. ஒரு புருஷனும் பெண்சாதியும் பெரிய படுதா ஒன்றைக் காற்றில் பிடிக்க முடியாமல் தடுமாறினார்கள். பரிதி சட்டென்று இறங்கினான். அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிர் முனையில் நின்றவரைப் பார்த்துக் கை தட்டி, இப்படி இழுங்கள் என்று காட்டினான். அவருக்குப் புரிந்தது. தூறல் பெருமழையாவதற்குள் குவியல் முழுக்க மூடியாகிவிட்டது.

தலை நனைந்து ஏறி வந்தவனுக்கு இசைவாணி முந்தானையைக் கொடுத்தாள். முதலில் கழுத்துத் துணி நனையவில்லையே என்று பார்த்தாள். நனையவில்லை. பஸ் நகர்ந்ததும் அவன் தோளில் சாய்ந்தாள். கும்பகோணம் வந்து அவன் கை தட்டி எழுப்பும் வரை அசந்து தூங்கினாள்.