இடம் சுற்ற வைத்த வாசல்

சின்னக்கானல் ரிசார்ட்டில் சாயங்காலம் தியான மண்டபம் திறப்பு, வடிவமைத்தவர் ஹரிநாராயணன் என்று பேப்பரில் படத்தோடு போட்டிருந்தது. மாதுரியின் காபி ஆறிப்போயிற்று. ஹரி அவளுடைய பெரியப்பா பிள்ளை. பாலக்காட்டில் இருவரும் சேர்ந்துதான் கட்டட வடிவமைப்பு ஆபீஸ் நடத்துகிறார்கள். அவள் வரைந்த மண்டபத்தை ரிசார்ட்காரர்கள் வேண்டாமென்று விட்டார்கள் என்று போன வருஷம் சொன்னவனும் அவன்தான். நம்பினாள். கூடப் பிறக்காத குறைதான், நம்பாமல் என்ன செய்வாள்?

காரை எடுத்துக்கொண்டு மலையேறினாள்.

மண்டபம் அவளுடையதேதான். சாஞ்சிக்குப் போனபோது அவளைக் கட்டிப்போட்டது அந்தப் பெரிய ஸ்தூபிகூட இல்லை, சுற்றுவேலியின் வாசல். நேரே உள்ளே விடாது. குறுக்கே நிற்கும் கல்வேலி காலை இடது பக்கம் திருப்பிவிடும். ஸ்தூபி வலது கைப்பக்கம் வந்துவிட, யாரும் சொல்லாமலே பிரதட்சிணம் தொடங்கிவிடும். கோயில் பிராகாரத்தில் பழகிய காலுக்கு அது உடனே புரிந்தது. அந்த வாசலைத்தான் வரைந்திருந்தாள்.

இங்கே சுவர் காலை வலது பக்கம் திருப்பியது. அடையாளம் தெரியாமலிருக்கப் படத்தைக் கம்ப்யூட்டரில் இடவலமாகப் புரட்டிப் போட்டிருக்கிறான். விருந்தாளிகள் சிரித்துப் பேசியபடி அப்பிரதட்சிணமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை மாதிரி மாலையும் கழுத்துமாக நின்ற ஹரி, அவளைக் கண்டதும் அவசரமாகத் தனியே அழைத்துப் போனான்.

"எல்லாம் சாஞ்சியிலேர்ந்து எடுத்ததாக்கும். அது என்ன உன் பாட்டன் சொத்தா?"

"இல்லைதான். ஆனா இப்படி இடமா எதுக்குச் சுத்துவா, ஹரி அண்ணா? உனக்குமா தெரியாது?"

அவன் சுற்றிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். ஆண்பிள்ளையில்லாத அவள் அப்பாவுக்குப் பிள்ளையாக நின்று, தோளில் மண்குடத்தோடு சிதையை இடமாகச் சுற்றிக் கொள்ளி வைத்தவன் அவன்தான். அப்பா போனாலும் அண்ணா இருக்கான் என்று அன்றைக்கு அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

சுவரை இடித்து மாற்றிவிடலாம், ரிசார்ட்காரர்களிடம் மட்டும் சொல்லாதே என்று கெஞ்சினான். இருக்கட்டும் என்று அவள் செருப்பைக் கழற்றினாள். வாசலில் நுழைந்து, அது திருப்பிய பக்கமே திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

ஹரியின் முகம் வெளிறிவிட்டது. "யாருக்குடி சுத்தறே?"

"நேக்கு ஒரு அண்ணா இருந்தான்" என்றாள் மாதுரி. "அவனுக்கு."